உளவுத்துறை வேலை கூடுமா? ஒரு தகப்பனார் கேட்ட மூன்று கேள்விகள்

2025 ஆகஸ்ட் முதல் வாரம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகன் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். அவர் கையில் இருந்த செல்போனில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பு ஒன்று இருந்தது. இன்டெலிஜென்ஸ் பீரோ எனப்படும் ஐ.பி.யில் ஏ.சி.ஐ.ஓ. என்ற உதவி மத்திய உளவு அதிகாரி பதவிக்கு 3,717 இடங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 10.

"ஹஜ்ரத், இவன் இதுக்கு எழுதிப் போடணும்ங்கிறான். அவங்கம்மா அழுவுறா. நீங்களே சொல்லுங்க. இந்த வேலை மார்க்கத்துல கூடுமா? நம்ம புள்ளைய அங்க எடுப்பாங்களா? எடுத்தா ஊரு என்ன பேசும்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு விஷயம் இன்னதென்று தெரியாமல் அதற்கு ஹுக்ம் சொல்லக் கூடாது என்பது மதரஸாவில் எங்களுக்குக் கற்றுத் தந்த முதல் பாடங்களில் ஒன்று. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அறிவிப்பை முழுவதும் படித்தேன். மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடமும் பேசினேன். அந்தத் தகப்பனாருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கேள்விகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.

எந்த உளவுத்துறை?

நம் வீடுகளில் 'உளவுத்துறை' என்ற ஒரே சொல்லுக்குள் பல துறைகளைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஜும்ஆ அன்று பள்ளிவாசலுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு நிற்பவரும் உளவுத்துறை, அதிகாலையில் வீட்டைச் சோதனையிட வருபவரும் உளவுத்துறை, சினிமாவில் விமானத்தில் இருந்து குதிப்பவரும் உளவுத்துறை. இவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத வேறு வேறு ஆட்கள்.

ஐ.பி. என்பது உள்நாட்டுத் தகவல்களைத் திரட்டும் அமைப்பு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1887-ல் தொடங்கியது, இன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. சென்னை உட்பட மாநிலத் தலைநகரங்களில் அதற்குக் கிளை அலுவலகங்கள் உண்டு. 'ரா' என்பது வெளிநாட்டுத் தகவல்களுக்கானது. 1962 சீனப் போரிலும் 1965 பாகிஸ்தான் போரிலும் கிடைத்த படிப்பினைகளுக்குப் பிறகு, 1968-ல் ஐ.பி.யில் இருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஆர்.என். காவ். கார்கில் போருக்குப் பின் கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு நம் உளவு அமைப்புகளின் குறைகளை ஆராய்ந்தது. திருச்சியில் பிறந்தவர் அவர். அதன் தொடர்ச்சியாக 2004-ல் வந்ததுதான் தொழில்நுட்ப உளவுக்கான என்.டி.ஆர்.ஓ.

என்.ஐ.ஏ. இவற்றில் சேராது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட புலனாய்வு அமைப்பு அது. வழக்குப் பதியும், சோதனையிடும், கைது செய்யும், நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். பள்ளிவாசல் வாசலில் நிற்பவரோ பெரும்பாலும் நம் மாநிலக் காவல்துறையின் ஸ்பெஷல் பிராஞ்ச் ஆளாக இருப்பார். அவர் பெயரும் செல் நம்பரும்கூட நம் ஜமாஅத் செயலாளரிடம் இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் ஐ.பி. வேலை என்றதும் 'நம் பிள்ளையே நம் ஆட்களைக் கைது செய்யப் போவானா' என்று தாய்மார்கள் பதறுகிறார்கள். ஐ.பி. அதிகாரிக்குக் கைது செய்யும் அதிகாரமே கிடையாது. தகவலைத் திரட்டி, சரிபார்த்து, எழுதி மேலே அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. அதன் மீது நடவடிக்கை எடுப்பது காவல்துறையும் மற்ற அமைப்புகளும்தான்.

சினிமாவும் மேஜையும்

துப்பாக்கி, மாறுவேடம், வெளிநாட்டுப் பயணம் என்று எண்ணிக்கொண்டு இந்த வேலைக்கு ஆசைப்படும் பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தேர்வின் அமைப்பே பதில் சொல்லிவிடும். ஏ.சி.ஐ.ஓ. பதவிக்கு முதல் கட்டத்தில் 100 கேள்விகள். நடப்பு நிகழ்வுகள், பொது அறிவு, கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் ஆகிய ஐந்து பகுதிகள், ஒரு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். அடுத்த கட்டம் கட்டுரை எழுதுவதும், படித்துப் புரிந்துகொண்டு விடை எழுதுவதும். அதன் பிறகு நேர்முகத் தேர்வு. எத்தனை கிலோமீட்டர் ஓடுவாய் என்று யாரும் கேட்பதில்லை. படிக்கத் தெரியுமா, படித்ததைப் பிழையில்லாமல் எழுதத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார்கள். வேலையும் அதுதான். பத்திரிகை படிப்பது, ஆட்களிடம் பேசுவது, பல இடங்களில் கிடைத்த துணுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, அறிக்கை எழுதுவது.

'அவங்க நெனச்சா யார் போனையும் கேப்பாங்க' என்பது இன்னொரு பேச்சு. சட்டப்படி அப்படி முடியாது. 1996-ல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரையறைகளை விதித்தது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்துப்பூர்வ உத்தரவு இருக்க வேண்டும் என்பதே விதி. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. விதி மீறப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்ததுண்டு. ஆனால் விதி இருக்கிறது என்பதையே அறியாமல் பயந்துகொண்டிருப்பது நமக்கு எந்த விதத்திலும் உதவாது.

நம் பிள்ளையை எடுப்பார்களா?

தகப்பனாரின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதில் இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கையின்படி ஐ.பி.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 4 சதவீதம், ஐ.ஏ.எஸ்.ஸில் 3 சதவீதம், ஐ.எஃப்.எஸ்.ஸில் 1.8 சதவீதம். அன்றைய மக்கள் தொகையில் நாம் 13.4 சதவீதம். 'ரா' போன்ற அமைப்புகளில் முஸ்லிம்கள் இல்லை, அல்லது மிக அரிது என்று பத்திரிகைகள் பல ஆண்டுகளாக எழுதிவருகின்றன. இந்த ஆதங்கம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை.

அதே நேரம், 2013 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை ஐ.பி.யின் இயக்குநராக இருந்தவர் சையத் ஆசிஃப் இப்ராஹிம். மத்தியப் பிரதேசப் பிரிவைச் சேர்ந்த ஐ.பி.எஸ். அதிகாரி. அந்த அமைப்பின் 125 ஆண்டு வரலாற்றில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் முஸ்லிம் அவர். அதற்கு 125 ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை. கதவு பூட்டிக் கிடக்கவில்லை என்பதும் உண்மை.

எடுக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டி விண்ணப்பமே போடாத ஒருவரை எந்தத் துறையாலும் எடுக்க முடியாது. நமக்கு நடந்த அநீதி எவ்வளவு, நாமே ஒதுங்கிக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்குக்கூட, முதலில் நம் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

வழிகள் என்னென்ன என்று பார்ப்போம். 10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.பி.யில் செக்யூரிட்டி அசிஸ்டென்ட் பதவி உண்டு. 2025-ல் அதற்கு 4,987 இடங்கள் அறிவிக்கப்பட்டன. எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறாரோ அந்த மாநிலத்தின் இருப்பிடச் சான்றும், அந்த வட்டார மொழியில் தேர்ச்சியும் வேண்டும். தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கும் தேர்வு அதில் இருக்கிறது. டிப்ளமோ, பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களுக்கு ஜூனியர் இன்டெலிஜென்ஸ் ஆபீசர் டெக்னிக்கல் பதவி. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு ஏ.சி.ஐ.ஓ. இதன் அடிப்படைச் சம்பள விகிதம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. அத்துடன் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் சிறப்புப் பாதுகாப்புப் படியாகக் கிடைக்கிறது. இன்னும் மேலே செல்ல விரும்புவோர் யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆக வேண்டும். ஐ.பி.யின் உயர் பதவிகளுக்கு அங்கிருந்துதான் வருகிறார்கள்.

'ரா'வுக்கு நேரடியாக விண்ணப்பம் போடலாம் என்று சொல்லும் யூடியூப் காணொளிகளை நம்ப வேண்டாம். அதன் அதிகாரிகளில் பலர் வேறு மத்தியப் பணிகளில் இருந்து எடுக்கப்படுபவர்கள். மத்திய அமைச்சரவைச் செயலகம் அவ்வப்போது கேட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் டெபுட்டி ஃபீல்டு ஆபீசர் டெக்னிக்கல் பணிக்கு ஆள் எடுக்கிறது. பொறியியல், அறிவியல் படித்தவர்கள் அதைக் கவனிக்கலாம்.

மதரஸா மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலிம் சனது மட்டும் இந்தத் தேர்வுக்குப் பட்டமாகக் கணக்கில் வராது. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். ஓதும்போதே அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தவன் நான். அன்று 'இது எதற்கு' என்று கேட்டவர்கள் உண்டு. அரபியும் உருதும் தமிழும் ஆங்கிலமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த மொழியறிவுக்கு அரசு அலுவலகங்களில் மதிப்பு உண்டு. பட்டம் இல்லாவிட்டால் அது வாசலிலேயே நின்றுவிடும்.

சான்றிதழில் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பி.சி. முஸ்லிம் என்று 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அது மாநில அரசு வேலைக்கும் மாநிலக் கல்விக்கும் உரியது. மத்திய அரசில் அந்தப் பிரிவு கிடையாது. அங்கே ஓ.பி.சி. என்ற 27 சதவீதப் பிரிவு மட்டுமே. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிரீமிலேயருக்கு உட்படாதவர் என்ற மத்திய அரசுப் படிவத்தில் தாசில்தாரிடம் தனியாகச் சான்றிதழ் வாங்குங்கள். பொதுப் பிரிவுக்கு 27 வயது வரம்பு, ஓ.பி.சி.க்கு மூன்று ஆண்டு கூடுதல் சலுகை. மாநிலச் சான்றிதழை நம்பிக் கடைசி நேரத்தில் வாய்ப்பைத் தவறவிட வேண்டாம்.

இந்தப் பதவிகளுக்குப் பெண்களும் விண்ணப்பிக்கலாம். பெண்ணுக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்கள் நூர் இனாயத் கானைப் பற்றிப் படிக்கட்டும். திப்பு சுல்தானின் வம்சாவளி, சூஃபி குடும்பத்துப் பெண். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசியப் பிரிவுக்காக, ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் வயர்லெஸ் இயக்கினார். பிடிபட்டு, 1944 செப்டம்பரில் டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார். 1949-ல் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

பின்னணி விசாரணை

'மாமா துபாயில் இருக்கார், அண்ணன் சவூதியில் இருக்கார், அதனால் கிடைக்காது' என்பது அடுத்த பயம். வளைகுடாவில் உறவினர் வேலை பார்ப்பதே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்கிவிடாது. ஆனால் தேர்வான பின் தரும் உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் விவரம், வசித்த இடங்கள், வெளிநாட்டில் தங்கிய காலம், வழக்குகள் எல்லாம் கேட்கப்படும். அங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சொன்னால் கிடைக்காதோ என்று மறைக்கிறார்கள்.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. படிவத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். சிறிய வழக்கு ஒன்றை ஒருவர் மறைக்காமல் சொல்லியிருந்தால், அதன் தன்மையைப் பார்த்து வேலை தரலாமா என்று துறை முடிவு செய்யும். மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பே வேலையை இழக்கக் காரணமாகிவிடலாம். குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்டங்களில் பெயர் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் நம் ஊர்களில் பலர். வன்முறை தொடர்பில்லாத அந்த வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. தன் வழக்கு உண்மையில் முடிந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் ஒரு வழக்கறிஞர் மூலம் உறுதி செய்து, அதற்கான ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருந்துவிட வேண்டாம். முகநூலில் கோபத்தில் எழுதியவையும் பகிர்ந்தவையும் இன்னொருவர் கண்ணில் படும் என்பதையும் இளைஞர்கள் நினைவில் வைக்கட்டும்.

மார்க்கத்தில் கூடுமா?

இப்போது முதல் கேள்வி. 'தஜஸ்ஸுஸ்' ஹராம் ஆயிற்றே என்று அந்தத் தகப்பனார் கேட்டார். சரியான கேள்விதான். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது வசனம் பிறருடைய குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அதே ஸூராவின் 6-வது வசனத்தை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். நம்பகமில்லாத ஒருவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், அறியாமையில் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேராதபடி, அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்லாஹ் அங்கே கட்டளையிடுகிறான். ஒருவருடைய வீட்டு அந்தரங்கத்தைத் துருவுவது ஒன்று. பலருடைய உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தியைச் சரிபார்ப்பது வேறொன்று. ஒரே ஸூரா ஒன்றைத் தடுத்து, மற்றதைக் கடமையாக்குகிறது.

ஸீராவில் இதற்கு உதாரணங்கள் உண்டு. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஸவ்ர் குகையில் இருந்த நாட்களில், அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ் (ரலி) பகலில் மக்காவில் குறைஷிகளின் பேச்சைக் கவனித்துவிட்டு இரவில் அந்தச் செய்தியைக் குகைக்குக் கொண்டுசென்றார்கள். அகழ்ப் போரின் குளிர் இரவில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் எதிரிகளின் முகாமுக்குள் அனுப்பப்பட்டார்கள். செய்தியை மட்டும் கொண்டு வர வேண்டும், அவர்களைச் சீண்டிவிடக் கூடாது என்பது உத்தரவு. அபூஸுஃப்யான் அம்பெய்யும் தூரத்தில் இருந்தும், அந்த உத்தரவை நினைத்து வில்லைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினார்கள். கைது செய்யும் அதிகாரம் இல்லாத, தகவலை மட்டும் கொண்டுவரும் ஒரு பணியைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் சொல்லப்படும் இன்னொரு சம்பவமும் உண்டு. ஒரு வீட்டில் தவறு நடப்பதாக உணர்ந்து சுவரேறி உள்ளே போனபோது, அந்த வீட்டுக்காரர் 'நான் ஒரு தவறு செய்தேன், நீங்கள் மூன்று தவறு செய்துவிட்டீர்கள்' என்று சொன்னாராம். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதியின்றி நுழைந்தது. கலீஃபா அதை ஏற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஆட்சியாளருக்கும் எல்லை உண்டு என்பதை நம் மார்க்கம் அன்றே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே நான் அவரிடம் சொன்னது இதுதான். தாம் வாழும் நாட்டின் மக்களை ஆபத்தில் இருந்து காக்கத் தகவல் திரட்டுவது தன்னளவில் தடுக்கப்பட்டதல்ல. பொய் எழுதுவது, ஒருவர் மீது பழி ஜோடிப்பது, அந்தரங்கத்தை வைத்து மிரட்டுவது ஆகியவை எந்த வேலையில் செய்தாலும் ஹராம். உளவு அறிக்கை ஒரு வகையில் ஷஹாதத், சாட்சியம். சாட்சி சொல்பவன் தனக்கு எதிராகவோ தன் பெற்றோருக்கு எதிராகவோ இருந்தாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்று ஸூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது. நம் சமுதாயத்தில் ஒருவர் தவறு செய்தால் அதை மூடி மறைக்க அந்தப் பையனுக்கு அனுமதி இல்லை. தவறு செய்யாதவரைத் தவறு செய்தவராக எழுதச் சொன்னால் அதை ஏற்கவும் அனுமதி இல்லை. இந்த இரண்டுக்கும் உறுதி உள்ளவர் போகட்டும். இல்லாதவர் வேறு வேலை தேடிக்கொள்வதே நலம்.

ஊர் என்ன பேசும்?

'காட்டிக்கொடுக்குற வேலை' என்று பேசுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வலி இருக்கிறது. அக்ஷர்தாம் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரை 2014 மே 16-ல் உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்தது. அவர்களில் ஒருவர் முஃப்தி. ஒரு ஆலிமாக அந்தத் தீர்ப்பைப் படித்த நாளை என்னால் மறக்க முடியாது.

இந்த ஆபத்து நமக்கு மட்டும் உரியதல்ல. 1994 இஸ்ரோ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் நாட்டின் ரகசியத்தை விற்றதாகக் கைது செய்யப்பட்டார். இரண்டு மாலத்தீவுப் பெண்களும் சிறையில் வாடினர். ஐ.பி. அதிகாரிகளும் அவரை விசாரித்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. போன 24 ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

உலக அளவில் பார்த்தால் ஈராக். நடமாடும் ஆய்வகங்களில் கிருமி ஆயுதம் தயாரிக்கிறார்கள் என்று ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஓர் ஈராக்கியர் சொன்னார். 'கர்வ்பால்' என்பது அவருக்கு உளவு அமைப்புகள் வைத்த பெயர். அதைச் சரிவரச் சோதிக்காமல் 2003 பிப்ரவரி 5-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் முன்வைத்தார். அடுத்த மாதம் போர் தொடங்கியது. அந்த ஆயுதங்கள் கிடைக்கவில்லை. தான் சொன்னது பொய் என்று 2011-ல் அந்த மனிதரே ஒப்புக்கொண்டார். ஹுஜுராத் 6-வது வசனம் எச்சரித்தது அப்படியே நடந்தது.

சரிபார்க்காத ஒரு தகவல் எத்தனை பேரை அழிக்கிறது என்று பாருங்கள். அதைச் சரிபார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டாமா? 'ஜமாஅத்' என்ற சொல் ஓர் இடத்தில் ஊர் நிர்வாகம், இன்னோர் இடத்தில் தொழுகை வரிசை, வேறோர் இடத்தில் ஓர் இயக்கத்தின் பெயர். முரீதாகி 'பைஅத்' வாங்குவது ஒரு தரீக்காவின் ஆன்மிக உறுதிமொழி. நோன்புக் கஞ்சிக்கு வசூலிக்கும் பணம், ஜகாத் பணம், குமருக்கு உதவி என்று அனுப்பும் பணம், இவற்றின் வழக்கம் தெரியாதவருக்கு எல்லாமே சந்தேகத்துக்குரிய பணமாகத் தெரியலாம். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால், தவறான வரி ஒன்றை எழுதும் முன் 'இது அது இல்லை' என்று சொல்ல முடியும். அதேபோல், உண்மையிலேயே நம் பிள்ளைகளைக் கெடுக்க வரும் ஒருவரை மற்றவர்களைவிட முன்னதாக அடையாளம் காணவும் அவரால் முடியும். ஒரே ஓர் ஆள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒருவர்கூட இல்லாத அறையை எண்ணித்தான் கவலைப்படுகிறேன்.

காசுக்காக அக்கம்பக்கத்துச் செய்தியைக் கூட்டியும் குறைத்தும் சொல்பவருக்கும், தேர்வெழுதி, உறுதிமொழி எடுத்து, தான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மேலதிகாரியிடம் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசு ஊழியருக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஜும்ஆ பயான்களில் நாங்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் குறை.

விலை என்ன?

இந்த வேலையின் கஷ்டங்களையும் பிள்ளைக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் எங்கு மாற்றினாலும் போக வேண்டும். 1985-ம் ஆண்டின் சட்டம் ஒன்று உளவு அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் அமைப்பதையும், அனுமதியின்றிப் பத்திரிகைகளிடம் பேசுவதையும் கட்டுப்படுத்துகிறது. செய்த நல்லதை வெளியே சொல்ல முடியாது. திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், 'மத்திய அரசு வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

அமைப்பு ரீதியான குறைகளும் உண்டு. ஐ.பி.யின் அதிகாரங்களையும் பொறுப்புகளையும் வரையறுக்க நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. 2011-ல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு இந்த அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான தகவல்களை மட்டுமே கேட்க முடியும். நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டும் என்று நாம் கோருவதும், நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குச் செல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் ஒரு குடிமகனின் உரிமைகள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உளவுத்துறையில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் மோசடிக்காரர். இந்த வேலைகளுக்கான அறிவிப்பு உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் வரும், வாட்ஸ்அப்பில் வேலை உத்தரவு வராது. அதிகாரி என்று வீடியோ காலில் வந்து, 'நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், பணம் அனுப்புங்கள்' என்று மிரட்டினால் பேச்சைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. முகம் தெரியாத யாரோ சமூக வலைத்தளத்தில் நட்பாகி, துறைமுகத்தையோ ராணுவ முகாமையோ படமெடுத்து அனுப்பினால் காசு தருகிறேன் என்று சொன்னால், அது யாருக்குச் செய்யும் வேலை என்று யோசிக்க வேண்டும். அந்த வலையில் விழுந்தவர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள்.

அந்தப் பையன் ஆகஸ்ட் 9 இரவு விண்ணப்பத்தை அனுப்பினார். மத்திய ஓ.பி.சி. சான்றிதழுக்காக அவருடைய தகப்பனார் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தார். அவர் தேர்வாவாரா இல்லையா என்பது அல்லாஹ்வின் நாட்டம். இப்போது தினமும் ஃபஜ்ருக்குப் பிறகு பள்ளிவாசல் நூலகத்தில் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவர் வங்கித் தேர்வுக்கு, இன்னொருவர் குரூப் 2-க்கு. கூடுதலாக ஒரு மேஜையும் ஒரு ஃபேனும் வாங்கித் தருவதாக ஜமாஅத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

பையனின் தாயார் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. 'எங்கே இருந்தாலும் பொய் எழுத மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு' என்று மட்டும் கேட்டாராம். அல்லாஹ் நம் பிள்ளைகளை அந்த வாக்கில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.